கண்டமும் குளிசையும்

எங்கள் குடும்பத்துக்குக் கண்ணோரத்தில் பொன் என்று ஊரில் சொல்வார்கள். அப்பாவுக்கு இரண்டு மேலிமைகளிலும், மூக்குப் பக்கமாக, மஞ்சளாய் ஒரு தடிப்பு இருந்தது. அண்ணனுக்கு முப்பது வயதிலேயே அது வந்துவிட்டது. அவனுக்குக் கலியாணம் பேச வந்தவர்கள் அதைப் பார்த்து, காசு சேருகிற முகம் என்று சந்தோசப்பட்டார்கள். காசு சேர்ந்ததா என்றால், இல்லை. அப்பா நாற்பத்தாறு வயதில் கிணற்றடியில் விழுந்தார். அண்ணன் நாற்பத்துமூன்றில், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன், திரும்பி வரவில்லை. இரண்டு பேருக்கும் அந்தந்த வயதில் சாதகத்தில் கண்டம் இருந்ததாம். செத்த பிறகு கண்டம் கண்டுபிடிப்பதில் எங்கள் ஊர்ச் சாத்திரிமார் ஒருநாளும் பிழை விட்டதில்லை.

சாத்திரிமாரில் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு இதை எழுத முடியாது. என் சாதகத்தில் செவ்வாய்க் குற்றம். வந்த சம்பந்தமெல்லாம் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, எழும்பிப் போயின. அக்கா கரைசேராமல் தான் எப்படிக் கட்டுவது என்று தம்பியும் இருந்துவிட்டான். கட்டடா என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். ஒரு செவ்வாய் இரண்டு பேரைத் தனிக்கட்டையாக்கியது.

இருபத்துமூன்று வயதில் அரசாங்கக் கந்தோர் வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்தேன். ஊருக்கு மாற்றம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. இன்னும் ஒன்றும் சரிவரவில்லையோ என்று கோயில் வீதியில் வைத்துக் கேட்கும் பெண்டுகளிலும் பார்க்க, கண்டியின் மழையும் குளிரும் எனக்குச் சுகமாக இருந்தன. எண்பத்துமூன்றாம் ஆண்டு தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தபோது கூட வேலைசெய்த ஒரு சிங்களப் பெண்மணி தன் வீட்டுச் சாமான் அறையில் என்னை வைத்திருந்தார். பிறகு கந்தோரில் இருந்த தமிழ் ஆட்கள் ஒவ்வொருவராக வடக்கே மாற்றம் வாங்கினார்கள், அல்லது வெளிநாடு போனார்கள். ஒரு காலத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏழெட்டுப் பேர் ஒரு மேசையில் இருந்து கறி மாற்றிக்கொள்வோம். கடைசியில் அந்த மேசையில் நான் மட்டும் இருந்தேன். கந்தோரில் நாள் முழுக்கச் சிங்களம் பேசிவிட்டு வந்து, மஹய்யாவவில் நான் வாடகைக்கு இருந்த மேல்வீட்டுக் கதவைத் திறந்தால், தமிழில் ஒரு சொல் சொல்ல அங்கே ஆள் இல்லை. கீழே இருந்த வீட்டுக்கார அம்மாவோடுதான் கொஞ்சம் கதைப்பேன். மலைநாட்டுத் தமிழர், நல்ல மனிசி. ஆனால் அவருக்கு வீடு நிறையப் பிள்ளைகள், வேலை.

ஐம்பது கடந்த பிறகு எனக்குப் படியேற மூச்சு வாங்கியது. டவுனில் ஒரு டொக்டரிடம் போனேன். அவர் நெஞ்சில் குழாயை வைக்க முதல் என் இமையோரத்து மஞ்சளைப் பார்த்தார். இந்த மஞ்சள் வீட்டில் வேறு யாருக்கும் இருந்ததா, அவர்கள் எத்தனை வயதில் இறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. மூச்சு வாங்குகிறது என்று வந்தால் செத்த வீட்டுக் கதை கேட்கிறாரே என்று. சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

அது பொன் இல்லை, கொழுப்பு என்றார். இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் அளவுக்கு மிஞ்சி இருக்கும் சிலருக்குக் கண்ணோரத்திலும் வந்து படியுமாம். கண்ணில் படிந்தால் காரியமில்லை, இருதயத்துக்குப் போகும் குழாய்களில் படிந்தால்தான் ஆபத்து. நான் இறைச்சியே தொடுவதில்லையே என்று சண்டை பிடித்தேன். சாப்பாட்டில் வருவது கொஞ்சம்தான், மிச்சத்தை எங்கள் ஈரலே செய்கிறது, உங்கள் குடும்பத்தில் இந்தக் கணக்கு பிறவியிலேயே பிழைத்திருக்கிறது என்றார். அப்போது புதிதாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த ஒரு குளிசையை எழுதித் தந்தார். அது ஈரலைப் பிடித்து, நீ இவ்வளவு செய்யாதே என்று நிறுத்துமாம். தனக்குத் தேவையானதைச் செய்ய முடியாமல்போக, ஈரல் இரத்தத்தில் கிடப்பதை இழுத்து எடுக்குமாம். அப்படித்தான் இரத்தத்தில் குறைகிறது. கடைசியாக ஒன்று சொன்னார். இது வருத்தத்தை மாற்றும் மருந்தில்லை, வராமல் வைத்திருக்கும் மருந்து. விட்டால் திரும்ப ஏறிவிடும்.

எனக்கு என்னைப் பற்றிய பயம் அவ்வளவு வரவில்லை. வெளியே வந்து மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கி நின்றபோது தம்பியின் முகம்தான் வந்தது. அவனுடைய இமையிலும் அந்த மஞ்சள் இருந்தது. அம்மாவும் போய்விட்டார், பிள்ளையில்லாத அண்ணி தன் தாய்வீட்டோடு போய்விட்டாள். எனக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். அவனும் போய்விட்டால் நான் யாருக்கும் அக்கா இல்லை.

அவன் அப்போது யாழ்ப்பாணத்தில், சண்டைக்குள். பாதை இல்லை. இடம்பெயர்ந்து, திரும்பிப் போய், வீட்டுக் கூரையில் பாதியைக் காணாமல், கடைசியில் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கண்டிக்கு வந்து சேர்ந்தான். நான் சொல்லித்தான் வந்தான். வந்த அன்றே பொலிசில் பதிய வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா தானும் கூட வந்து, "இது அக்காவோட கூடப்பொறந்த தம்பிதாங்க" என்று பொலிசுக்காரனுக்குத் தமிழிலேயே சத்தியம் பண்ணினார். பொலிசுக்காரனுக்கு விளங்கியதோ தெரியாது, முத்திரையைக் குத்திவிட்டான். நான் அடுத்த வேலையாகத் தம்பியை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவனுடைய கொலஸ்ட்ரோல் என்னுடையதிலும் பார்க்கக் கூட இருந்தது.

குளிசை வேண்டாம் என்றுதான் அவன் முதலில் சொன்னான். தனக்கு நோவில்லை, களைப்பில்லை, ஒரு மூட்டை அரிசியைத் தோளில் வைத்து மேல்மாடிக்கு ஏற்றுவேன் என்றான். ஏற்றியும் காட்டினான். நானும் விடவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து குளிசையைக் கேட்டான். எப்படி மனம் மாறியது என்று கேட்டேன்.

"வாற ஆவணியோட நாற்பத்தொன்பது தொடங்குது அக்கா. என்ரை சாதகத்திலை நாற்பத்தொன்பதிலைதான் கண்டம். அந்த ஒரு வருசத்துக்கு எதுக்கும் போட்டுவைப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டொக்டர் சொல்லி, இரத்தம் சொல்லி, அக்கா சொல்லிக் கேளாதவன் சாதகம் சொல்லிக் கேட்கிறான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். எந்த வழியால் போனால் என்ன, குளிசை வயிற்றுக்குள் போனால் சரி என்று நினைத்தேன்.

போட்ட விதத்தையும் சொல்லவேண்டும். பின்னேரம் மேல் கழுவி, திருநீறு பூசி, சாப்பிட்டு, கிழக்கே பார்த்து நின்று விழுங்குவான். விரதகாரன் தோற்றான். ஆனால் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் விட்ட சொதி இல்லாவிட்டால் முகம் சுருங்கிவிடும். குளிசை ஈரலைப் பார்க்கும், நீ வாயைப் பார் என்று சொல்லி, நான் பாலைக் குறைத்து மோரில் ஏதோ ஒன்று செய்து வைப்பேன். அதற்கு அவன் அகதிச் சொதி என்று பெயர் வைத்தான். தொடக்கத்தில் அவனுக்குத் தொடையில் உளைவு வந்தது. இந்தக் குளிசைக்குச் சிலருக்குத் தசை நோகும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். அளவைக் குறைத்தார், உளைவு போனது. சில மாதம் கழித்து இரத்தம் பார்த்தபோது பாதியாக இறங்கியிருந்தது.

அந்த வருசம் நான் சந்தோசமாக இருந்தேன் என்று சொன்னால் நாட்டு நிலைமைக்குப் பொருந்தாது. டவுனில் குண்டுப் பயம். தமிழ்ப் பெயரைக் கண்டால் சோதனைச் சாவடியில் தனியாக நிற்பாட்டுவார்கள். தம்பியின் சட்டைப்பையில் குளிசைப் பொட்டலத்தைக் கண்டு ஒருநாள் ஒரு சிப்பாய் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான். இருதயத்துக்கு என்று நான் சிங்களத்தில் சொன்னேன். ஆனாலும் சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளே விளக்கு எரிந்தது. ஒன்றும் நடக்காமல் ஒரு நாள் முடிந்தால் அதுவே பெரிய காரியம் என்று இருந்த காலம். குளிசையும் அதே வேலையைத்தான் செய்தது. அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான்.

ஐம்பது பிறந்தது. அவனுடைய நட்சத்திரத்தன்று பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்து, சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். அவன் மிச்சமிருந்த குளிசைகளைச் சாமிப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தான். கண்டம் கழிந்துவிட்டது, இனித் தேவையில்லை என்றான்.

நான் கத்தினேன். அன்றைக்குக் கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும். குறைந்தது குளிசையால் என்றேன், அதுதான் குறைந்துவிட்டதே என்றான். விட்டால் ஏறும் என்றேன், ஏறினாலும் ஆபத்தான வயது போய்விட்டது என்றான். அப்பாவையும் அண்ணனையும் இழுத்தேன். அவர்கள் தங்கள் கண்டத்தில் போனார்கள், நான் என் கண்டத்தைத் தாண்டிவிட்டேன், சந்தோசப்படுங்கோவன் என்றான். சந்தோசம்தான் அவன் முகத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சோதனை முடித்த பிள்ளையைப் போல இருந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, அடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். சாதகத்தை நம்புகிறவனுக்குச் சாதகத்தாலேயே பாடம் படிப்பிக்கலாம் என்று தீர்மானித்தேன். கடுகண்ணாவையில் பெரிய ரோட்டோரமாக ஒரு சாத்திரி இருந்தார். பெயர்பெற்றவர். ஒரு சனிக்கிழமை ரயில் எடுத்துப் போனேன். தம்பியின் சாதகத்தை நீட்டி, உள்ளதைச் சொன்னேன். இவனைக் கூட்டிக்கொண்டு வருவேன், கண்டம் இன்னும் முடியவில்லை, மருந்தை விடாதே என்று நீங்கள் சொல்லவேண்டும் என்றேன். அவர் கோபிப்பார், கிரகத்தை மாற்றிச் சொல்லமாட்டேன் என்பார் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் வைத்திருந்தேன்.

அவர் கோபிக்கவே இல்லை. "அதுக்கென்னங்கம்மா, சொல்லிட்டாப் போச்சு. எத்தன வருசம் வேணும் ஒங்களுக்கு?" என்றார். அறுபது வரைக்கும் போதுமா, எழுபது என்று வைப்போமா என்று, கடைக்காரன் துணி அளப்பதைப் போலக் கேட்டார். அதற்கு ஒரு கட்டம்கூடக் காட்டினார்.

நான் எழும்பி வந்துவிட்டேன். ஸ்டேசன் வாங்குப் பலகையில் இருந்து அழுதேன். தம்பிக்காக அழவில்லை. இவ்வளவு சுலபமாகத் தள்ளிவைக்கக்கூடிய ஒன்றா என் செவ்வாயும்? அன்றைக்கு யாராவது ஒருவர் என் அப்பாவிடம், அதுக்கென்ன, தள்ளி வைச்சாப் போச்சு என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ரயில் வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சாத்திரியின் வாயால் என் தம்பி பிழைக்கவேண்டாம் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

பிறகு அவனோடு இருந்த காலமெல்லாம் நான் காவல்காரியாகவே இருந்தேன். அப்பா கிணற்றடியில், அண்ணன் கை கழுவுகிற இடத்தில். ஆகவே எனக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் பயம். அவன் குளியலறையில் கொஞ்சம் சுணங்கினால் கதவைத் தட்டுவேன். குளிக்கவும் விடமாட்டீங்களோ என்று உள்ளேயிருந்து பேசுவான். பேச்சுக் கேட்டால் போதும், நான் அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன்.

சமாதானம் பேசத் தொடங்கி யாழ்ப்பாணப் பாதை திறந்தது. அவனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வீட்டைத் திருத்தவேண்டும், வளவு காடாகிக் கிடக்கும் என்றான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கண்டியில் ஒருநாளும் ஒட்டவில்லை. மழையைத் திட்டுவான், ஹந்தானை மலைப் பக்கம் முகில் இறங்கினால் ஜன்னலைப் பூட்டுவான். குளிசைப் பொட்டலம் ஒன்றை அவன் பைக்குள் நானே வைத்தேன். அவன் அதை எடுத்து வெளியே வைக்கவில்லை, அவ்வளவுதான். வீடு ஒரு மாதிரிச் சரிவரட்டும், கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனான்.

போனபின் வீடு பழையபடி ஆனது என்று சொல்வது பிழை. முன்பு ஆள் இல்லாத வீடாக இருந்தது. இப்போது ஆள் போன வீடு. ஒருவருக்குச் சமைக்கும் அளவு எனக்கு மறந்துபோயிருந்தது. இடியப்பம் மிஞ்சும், கீழே கொண்டுபோய்க் கொடுப்பேன். பென்சனும் எடுத்துவிட்டேன், கந்தோர்ச் சிங்களமும் இல்லாமல் போனது. சாப்பிட்டு முடித்து என் குளிசையைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அவன் இப்போது எடுத்திருக்கமாட்டான் என்பதுதான் நினைவு. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் வருவான். குளிசை போடுகிறாயா என்று கேட்பேன். ஓடு கிடைத்துவிட்டது, சீமெந்து கிடைக்கவில்லை, கிணறு இறைத்தாகிவிட்டது என்று வேறெங்கோ போய்விடுவான். கிணறு என்றதும் எனக்குப் பயம் வரும் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

வீடு சரிவந்து அவன் என்னைக் கூப்பிட முதல் திரும்பவும் சண்டை தொடங்கி, பாதையைப் பூட்டிவிட்டார்கள். பல ஞாயிற்றுக்கிழமைகள் லைன் கிடைக்கவில்லை. ரெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் மத்தியானம் முழுக்க இருந்துவிட்டு எழும்பிப் போவேன். நெடுநாளைக்குப் பிறகு ஒருநாள் குரல் வந்தது. அரிசி இருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். குளிசையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டு அவன் வேறு கதை கதைத்து, அதற்குள் லைன் அறுந்துவிடும் என்று பயம். அவனாகவே சொன்னான்.

"அக்கா, குளிசை திரும்பத் தொடங்கிட்டன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் வரிசையில் நின்று எடுக்கிறானாம். சில மாதம் இல்லையென்று திருப்பி விடுவார்களாம், யாராவது பிளேனில் வந்தால் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டான். இரத்தமும் பார்த்தானாம், திரும்ப ஏறித்தான் இருந்ததாம். யார் உனக்குப் புத்தி சொன்னது, எந்தச் சாத்திரி என்று கேட்டேன். இவ்வளவு காலத்துக் கோபமும் அந்தக் கேள்வியில் இருந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை. இப்ப பாதை இல்லை. எனக்கு என்னவும் நடந்தால் நீங்கள் வரேலாது. நீங்கள் வராமல் என்னை ஆர் எடுக்கிறது? பாதை திறக்கும்வரைக்கும் இருக்கத்தானே வேணும்."

எங்கள் ஊரில் உரித்துக்காரர் வரும்வரை பிரேதத்தை எடுக்காமல் வைத்திருப்பார்கள். இரவிரவாக பஸ்ஸில் வந்து சேருகிறவர்களுக்காகப் பறை காத்திருக்கும். அவனுக்கு உரித்து நான் ஒருத்திதான். வராத ஆளுக்காக முற்றத்தில் கிடக்க அவனுக்கு விருப்பமில்லை. டொக்டரும் நானும் செவ்வாயும் சனியும் செய்ய முடியாததை, பூட்டிய பாதை செய்துவிட்டது. நான் ரெலிபோனை வைத்துவிட்டு, பிளேனில் போகிறவர்கள் யார் யார் என்று விசாரிக்கத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போன அறிந்த ஆள் எவரும் என் குளிசைப் பொட்டலத்துக்குத் தப்பவில்லை.

சண்டை முடிந்தது. எத்தனையோ வீடுகளில் அழுகை. எங்கள் தெருவில் சிலர் வெடி கொளுத்திப் பால்சோறு கொடுத்தார்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். சில மாதம் போக, பாதையைத் திறக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். எல்லாரும் சந்தோசப்பட்ட அந்தச் செய்தியைக் கேட்டு நான் ரேடியோவை நிற்பாட்டினேன். பாதை திறக்கும்வரைக்கும் இருக்கவேணும் என்றுதானே சொன்னான். இனி? திரும்பவும் சாமிப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவானோ என்று இரண்டு நாள் அதே யோசனை. மூன்றாம் நாள் அவனே ரெலிபோன் எடுத்தான்.

பாதை திறந்தாச்சாம் என்று தொடங்கினான். நான் அவனை முடிக்க விடவில்லை. எனக்கு முழங்கால் ஏலாது, அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருந்து யாருடைய செத்தவீட்டுக்கும் என்னால் வர முடியாது, பாதை திறந்தாலும் ஒன்றுதான் பூட்டினாலும் ஒன்றுதான், ஆகவே நீ குளிசையை நிற்பாட்டாதே என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"குளிசை நேற்றும் போட்டனான்," என்றான். "செத்தவீட்டுக்கு ஆர் உங்களைக் கூப்பிட்டது? வீடு சரி. சும்மா வாங்கோவன் அக்கா."

என்னைக் கலியாணவீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், காணி உறுதியில் கையெழுத்து வைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். சும்மா வரச்சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. வாறன் என்று சொன்னேன்.